அப்ரூவல் ஆகாத சென்ட்

கடையின் சென்ட் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இதை நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் பதறிப்போய் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் குறை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

நான் கவலைப்படுகிறவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். அதற்குள் பஸ் போயிருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கவலைக்கே சம்பளம் கொடுத்தார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம், எங்கேயோ ஒரு குறை இருக்கிறது என்று நம்புகிறவள் கண்ணுக்குத்தான் படும். கண் மங்கத் தொடங்கியதும் அந்த வேலையை விட்டுவிட்டுக் காதர் பாயின் ஆண்கள் துணிக்கடைக்கு வந்தேன். சட்டை மடித்துக்கொண்டிருந்தவளை, வேறு ஆள் வராத ஒரு நாளில், சென்ட் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். முழங்கால் தாங்கிய வரைக்கும் அங்கேயே நின்றேன்.

உங்களை அதிகம் சோதிக்கப் போவது சாயங்கால இனிப்புச் சென்ட்டுகள்தான். காலையில் வேலைக்குப் போட எலுமிச்சை வாசம் கேட்கிறவர் சட்டென்று முடிவு செய்துவிடுவார். ரிசப்ஷனுக்கு, பெரிய ஓட்டல் சாப்பாட்டுக்கு, மனைவியோடு வெளியே போவதற்கு என்று வரும்போது ஆண்கள் கேட்பதெல்லாம் இனிப்பு. வெனிலா, ஏலக்காய், பேரீச்சை, கருகத் தொடங்கிய சர்க்கரைப் பாகு. எந்தக் கம்பெனி போட்டாலும் அடித்தவுடன் எல்லாம் ஒரே ஆலைக் கொட்டகையில் காய்ச்சிய வெல்லம் மாதிரிதான் இருக்கும். "எல்லாம் ஒண்ணுதானுங்களே?" என்று கேட்பார்கள். ஆமாங்க என்று சொல்லி, விலை கூடியதை எடுத்து நீட்ட உங்கள் வாய் துடிக்கும்.

நானும் தொடக்கத்தில் அப்படி ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு எடுத்துக் கொடுத்தேன். இருக்கிறதிலேயே இனிப்பானது. கழுத்து நிறைய மல்லிகை மாலை, மண்டபத்துப் புழுக்கம், கீழே பந்தியில் நெய் மணம். அவன் சட்டை, கழுத்து, காது மடல் எல்லாம் அடித்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறான். பிறகு அவன் தம்பி கடைக்கு வந்து சொன்னான்: "அக்கா, ஆல்பத்துல பாதிப் படம் அண்ணி தும்மறதுதானுங்க!" கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு மேடையில் என்ன பாடுபட்டிருப்பாள் என்பதே நினைப்பாக இருந்தது. அதற்குப் பிறகு யார் இனிப்புச் சென்ட் கேட்டு வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பக்கத்துல யாருங்க நிப்பாங்க?"

இந்தக் கேள்வியால் ஒருமுறை என் வேலையே போயிருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தீபாவளி போனஸ் போட்ட வாரம். கடைக்குள் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. இந்தி பேசும் பையன்கள் கூட்டமாக நின்று ஒரே பாட்டிலை ஆளுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலுக்குள் ஒருவர் கைக்குட்டையில் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும். நகக்கண்ணில் நீலச் சாயம். பிரித்தால் ஒரு காலி சென்ட் பாட்டில்.

"ஏனுங்க, இதே வேணுமுங்க."

"இது வர்றது நின்னு போச்சுங்களே" என்றேன்.

"அப்போ இதாட்டவே இருக்கற ஒண்ணு. ரொம்பக் கிட்ட இருக்கோணும். ஒரு விசேசத்துக்கு, சாயங்காலம் போடறதுக்குங்க."

அவர் பேர் குமாரசாமி. சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற துண்டுத் துணியின் நிறத்தை அப்படியே சாயத்தில் கொண்டுவருவது அவர் வேலை. பட்டறையில் சிறு துண்டுகளாகச் சாயம் ஏற்றி, ஏ, பி, சி என்று எழுதி அனுப்புவார்கள். பையர் பார்த்து, இதுதான் சரி என்று ஒன்றுக்கு அப்ரூவல் போட்டால்தான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். திருப்பூரில் பாதிப் பேர் வயிறு அந்த ஒரு சொல்லை நம்பி இருக்கிறது.

நான் இரண்டு பாட்டில் எடுத்து வைத்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. மோந்து பாருங்க என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"காய்ச்சல் வந்து போனதுல இருந்து மூக்கு செத்துப் போச்சுங்க. காப்பிக்கும் சுடுதண்ணிக்கும் வித்தியாசம் தெரியறதில்ல. நல்ல வேளை, எனக்குச் சோறு போடறது கண்ணு." சட்டைப் பையிலிருந்து பிசிறில்லாமல் வெட்டிய இரண்டு வெள்ளைப் பனியன் துணித் துண்டுகளை எடுத்தார். ஒன்றில் ஏ, மற்றதில் பி என்று எழுதியிருந்தது. "இதுல அடிங்க. எது பழசுக்குக் கிட்ட இருக்குதுன்னு நீங்க சொல்லுங்க."

ஒருவருக்காக இன்னொருவர் மோந்து பார்ப்பது லேசான காரியம் இல்லை. ஏ-யில் கறுப்பு, பி-யில் பழுப்பு அடித்தேன். ஆறவிட்டு மோந்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்தது. அடிக்காத மூலையை மோந்தேன். அதிலும் ஏதோ மெழுகு மாதிரி ஒரு தித்திப்பு.

"துணிக்கே ஒரு வாசம் இருக்குதுங்களே."

அவர் துண்டை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். உடனே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட! ஃபினிஷிங் முடிஞ்ச துணிங்க இது. துணி மெதுவா இருக்க சாஃப்ட்னர் போட்டிருப்பாங்க. கலர் பாக்க எப்பவும் இதத்தான் பையில வெச்சிருப்பேன். பாருங்க, கலர் மாஸ்டர் சென்ட் வாங்க வந்த லட்சணத்த."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் இடது மணிக்கட்டில் கறுப்பு, வலது மணிக்கட்டில் பழுப்பு அடித்துவிட்டு, "எதிர்த்தாப்ல போய் டீ குடிச்சுட்டு, வெயில்ல நல்லா ஒரு நடை நடந்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். இதை நீங்களும் செய்யுங்கள். ஏசிக்குள் ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி இருக்கிற இரண்டு இனிப்பும், வியர்வை பட்டதும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். வாங்க வந்தவர் அவசரப்படுவார். அனுப்புங்கள். திரும்பி வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கும். அப்போதும் அனுப்புங்கள்.

குமாரசாமி வந்தார். இரண்டு கையும் பிரிந்திருந்தன. இடது கையில் வெனிலா பாலில் கலந்த மாதிரி நின்றது. வலது கையில் தித்திப்பு பின்னால் ஒதுங்கி, ஏலக்காயும் காய்ந்த மரத்தூள் வாசமும் முன்னால் வந்திருந்தன. பழைய பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த ஈரத்தை என் கையில் தொட்டு மோந்தேன். வெனிலா. சந்தேகமில்லை. கறுப்புதான் கிட்டே இருந்தது. அதே இல்லை. தெரியாதவர்கள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிட்டே.

"கறுப்புங்க" என்றேன்.

"அது போதுமுங்க. பில்லப் போடுங்க."

பில் புத்தகத்தை எடுக்கும்போது வழக்கமான கேள்வி வாயில் வந்துவிட்டது. "விசேசத்துல உங்க பக்கத்துல யாருங்க நிப்பாங்க?"

அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பக்கம் நான் புதுசாக் கட்டிக்கப் போறவங்க. இன்னொரு பக்கம் என்ற பொண்ணு. அவ வந்தான்னா."

இடித்துக்கொண்டு நின்றவர்களைத் தள்ளிவிட்டு, அவரைப் பெட்டியின் ஓரத்துக்கு வரச் சொன்னேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. முதல் மனைவி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் தன் போனஸில் முதல் வேலையாகப் புருஷனுக்கு இந்தச் சென்ட்டைத்தான் வாங்குவாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் வெளியே கிளம்பும்போது மட்டும் அவர் போட்டுக்கொள்வார். அந்த அம்மா நோயில் போய்ச் சில வருடம் ஆகிறது. மகள் தர்ஷினி ஆறாவது படிக்கிறாள். இப்போது இவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். கோயிலில் தாலி, சாயங்காலம் சின்ன மண்டபத்தில் ஒரு விருந்து. சொன்ன நாளிலிருந்து மகள் இவரிடம் பேசுவதில்லை. விருந்துக்கு வரமாட்டாளாம். சேவூரில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாளாம்.

"ஒரு நாளைக்குப் போனாப் பரவால்லீங்க. போனா அங்கயே இருந்துக்குவா. அவங்களும் உட மாட்டாங்க. எனக்குத் தெரியும்." குரல் தணிந்தது. "பழைய வாசம் எங்கிட்ட இருந்துச்சுன்னா, அப்பன் மாறிப் போயிரலேன்னு அவளுக்குத் தோணுமில்லீங்களா?"

அம்மா வாங்கிக் கொடுத்த வாசத்தோடு அப்பா இன்னொருத்தி பக்கத்தில் நின்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? மனசு ஆறுமா, வெடிக்குமா? அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நான் பயப்படுவதும் சரியாக இருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாது. எனக்கு அது ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. பில் புத்தகத்தை மூடினேன்.

"ஏனுங்க, பட்டறைல கலருக்கு நீங்களே அப்ரூவல் போட்டுக்குவீங்களா?"

"அதெப்படீங்க? பையர் போடோணும்."

"இதுக்கு யாருங்க பையர்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் இறுகியது. "அவதான் எங்கிட்டப் பேசறதே இல்லீங்களே."

"பேச வேண்டாமுங்க. மோந்து பாத்தாப் போதும். ரெண்டு பாட்டிலும் அவளுக்காக இங்கயே இருக்கும். கூட்டிட்டு வாங்க."

"எனக்கு நீங்க விக்க மாட்டீங்களா?"

"இன்னைக்கு மாட்டனுங்க."

இந்தச் சமயம் பார்த்துக் காதர் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். வாசல் வரை ஆள் நிற்கும்போது, கையில் பணத்தோடு நிற்கிறவரை நான் திருப்பி அனுப்புவது அவர் காதில் விழுந்திருந்தது.

"சரோஜாம்மா, என்னம்மா இது? ரெண்டும் ஒண்ணாட்டத்தானே இருக்குது. ஒண்ணக் கட்டிக் குடுத்து அனுப்புங்க."

"ஒண்ணாட்ட இருக்கறதுதாங்க பாய் பிரச்சனை."

"நீங்க சென்ட் விக்கறீங்களா, பஞ்சாயத்துப் பண்றீங்களா?"

அந்த வயதில் இன்னொரு கடை என்னை வேலைக்கு எடுக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு பாட்டிலையும் எடுத்துக் கீழ் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கவலைப்படுகிறவர்கள் கோழைகள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கவலைப்பட்டுக்கொண்டே நிற்கவும் முடியும்.

குமாரசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. காலி பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றினார். "ஊர்ல வேற கடை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. எந்தக் கடைக்குப் போனாலும் பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க."

போய்விட்டார். காதர் பாய் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கடை மூடும்போது மட்டும், "அவர் வரலேன்னா ரெண்டு பாட்டிலும் உங்க கணக்கு" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. பண்டிகைக் கூட்டத்தில் முதலாளி ஆனவர் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் பஸ்ஸில் நான் அதையே நினைத்துக்கொண்டு என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். வேறு கடையில் வேறு எவளோ, "ஆமாங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்திருந்தால்? அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு பெண். அப்பாவோடு வந்தவள் மாதிரி இல்லை. அதே வழியில் நடந்துவந்த யாரோ மாதிரி வந்தாள்.

"வா கண்ணு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

குமாரசாமியின் மணிக்கட்டுகளில் முன்பு போலவே இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் வெளியே போய்த் தெருவில் நடக்க ஆரம்பித்தார். கடை வாசலில் ஒரு கலர் மாஸ்டர் கையை விரித்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடப்பதைப் வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துப் போனார்கள். தர்ஷினி கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க எங்கப்பா இப்படிச் சுத்தறாங்க?"

"வாசம் வெளிய வர்றதுக்கு கண்ணு. அப்பாவுக்குத்தான் மூக்குல வாசம் தெரியாதே. நீதான் பாத்துச் சொல்லோணும்."

"தெரியாதா?" என்றாள். நான் திடுக்கிட்டுவிட்டேன். பேசாமல் இருந்த வீட்டில் இதுவும் சொல்லப்படாமலே இருந்திருக்கிறது.

அவர் வந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் முதலில் வலது கையை மோந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இடது கைக்கு வந்தாள். கறுப்பு. மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை. கண் நிறைந்தது. குமாரசாமி என்னைப் பார்த்தார், நான் சொன்னேனே என்பது போல. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா வாங்கறதாட்டவே இருக்குது" என்றாள்.

"ஆமா சாமி. அதுக்குத்தான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஆனா அது இல்ல."

"கிட்டத்தட்ட அதேதான் சாமி."

"அதான் வேண்டாம்." குரல் உயர்ந்தது. பக்கத்தில் சட்டை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "இத அடிக்கடி மோந்தா அது எப்படி இருந்துச்சுன்னு மறந்துரும். அப்புறம் இதுதான் அதுன்னு ஆயிரும்."

காதர் பாய் கல்லாவில் நோட்டை எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

பிள்ளைகளே, நான் இரண்டு வழிதான் யோசித்திருந்தேன். அவளுக்கு மனசு ஆறும், இல்லாவிட்டால் கோபம் வரும். இந்த மூன்றாவது எனக்குத் தோன்றவே இல்லை. கலர் மாஸ்டருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் புத்தி அப்படி. சரக்கு அனுப்பும் அவசரத்தில், அச்சு அசலாக வராவிட்டாலும் கிட்டத்தட்ட வந்தால் போதும் என்று பழகியவர்கள் நாங்கள். கிட்டத்தட்ட இருப்பது அசலை அழித்துவிடும் என்று ஆறாவது படிக்கிற பிள்ளைக்குப் பயம் வந்திருக்கிறது. பயம் எனக்குத் தெரிந்த பாஷை. ஆனாலும் அந்தப் பயம் எனக்கு வரவில்லை.

தர்ஷினி அப்பாவின் வலது கையைத் தானாகப் பிடித்து இன்னொரு தடவை மோந்தாள். "இதப் போட்டுக்குங்க. இது வேற மாதிரி இருக்குது. நல்லாத்தான் இருக்குது."

"மண்டபத்துக்கா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பயத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

அவள் கையை நீட்டினாள். "அந்தப் பழைய பாட்டில் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

அவர் பையிலிருந்து கைக்குட்டையோடு எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியைத் திறக்கவில்லை. இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை திருகிப் பார்த்தாள். அவ்வளவுதான். செக்கிங் வேலையில் இருந்தவளுக்கு அந்தத் திருகு புரியும். நான் பழுப்பைக் கட்டிக் கொடுத்தேன்.

அவர்கள் போனதும் காதர் பாய் வந்து கீழ் அலமாரியைக் காட்டினார். "அந்தக் கறுப்பு?"

"என் கணக்குங்களா பாய்?"

"இருக்கட்டும்மா. எடுத்து மேல வைங்க. வேற யாருக்காவது அது எதோட நகலாவும் தெரியாது, நல்ல சென்ட்டா இருக்கும்." அன்று அவர் சொன்னதில் ஒரு முதலாளியின் பேச்சும் இருந்தது, ஒரு அப்பாவின் பேச்சும் இருந்தது.

விருந்துக்கு அந்தப் பிள்ளை வந்தாளா, சேவூருக்குப் போனாளா என்று வெகு நாள் வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. நம் தொழிலில் பாட்டில் வெளியே போவதோடு கதை நம் கையை விட்டுப் போய்விடும். இதற்கு நீங்கள் பழக வேண்டும். நான் கடைசி வரை பழகவில்லை.

அடுத்த வருடம் மழைக் காலத்தில், கூட்டமே இல்லாத ஒரு மதியம், ஒரு பெண் வந்தார். கையில் வண்டி ஹெல்மெட், தோளில் சாப்பாட்டுப் பை. நேராக என்னிடம் வந்து, "சரோஜாக்கா நீங்கதானுங்களா?" என்றார். "பழுப்புப் பாட்டில் ஒண்ணு வேணுமுங்க. ஊட்ல தீந்து போச்சு. கறுப்ப எடுத்தறாதீங்கன்னு பாப்பா கிளம்பறப்போ ரெண்டு தடவ சொல்லி உட்டா."

பாட்டிலை எடுப்பதற்குப் பதில் வேறு எதையோ எடுத்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "பாப்பா மண்டபத்துக்கு வந்தாளுங்களா?"

"வந்தாளுங்க." அவர் சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை. "என்ற பக்கம் நிக்கல. அவங்கப்பாவோட அந்தப் பக்கந்தான் நின்னா. ஆனா நின்னாளுங்க. கடைசி வரைக்கும் நின்னா."

பழுப்பைப் பையில் போட்டேன். அவர் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. மேல் தட்டில் கறுப்பு இருந்தது.

"ஏனுங்கக்கா, அது எப்படி இருக்கும்? பாப்பாவோட அம்மா வாங்கறதாட்ட இருக்கும்னு சொன்னாங்க. ஒரே ஒரு தடவ மோந்து பாக்கறனுங்க. ஊட்ல அந்தப் பழைய பாட்டில ஒளிச்சு வெச்சிருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாமயே அந்த ஊட்ல நடமாடறாப்ல இருக்குது."

கேட்டது தப்பில்லை. அடித்துக் காட்டுவது என் வேலை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. என் கை பாட்டில் வரைக்கும் போய்விட்டது.

"பாப்பாவக் கேட்டுட்டு வாங்க" என்றேன். "அவ சரின்னு சொன்னா ரெண்டு பேரும் சேந்து வாங்க. நானே அடிச்சுக் காட்டறேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

"அதுவும் சரிதானுங்க. கேக்கறேன்."

கறுப்பை அன்று சாயங்காலம் மேல் தட்டிலிருந்து எடுத்துக் கீழ் அலமாரியில் வைத்தேன். நான் வேலையை விட்டு வரும்போதும் அங்கேதான் இருந்தது. நீங்கள் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கண்ணில் படும். ஒரு பெண்ணும், இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கும் ஒரு பிள்ளையும் சேர்ந்து வந்து கேட்டால் மட்டும் திறங்கள்.